முத்திரை பெற்ற திட்டமா, நம் மண்ணில் சோதித்த திட்டமா? பள்ளி வன்முறைத் தடுப்பில் எதை நம்பித் தேர்வது

2001ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்வித் துறை கூட்டிய வல்லுநர் குழு ஒன்று, பள்ளிகளில் வன்முறையையும் போதைப் பழக்கத்தையும் தடுப்பதற்கென நடத்தப்பட்டுவந்த திட்டங்களை ஆராய்ந்து, 9 திட்டங்களைச் 'சிறப்புக்குரியவை' என்றும் 33 திட்டங்களை 'நம்பிக்கை அளிப்பவை' என்றும் அறிவித்தது. அந்த ஒன்பதில் ஒன்று, சியாட்டில் நகரைச் சேர்ந்த 'கமிட்டி ஃபார் சில்ட்ரன்' என்ற அமைப்பு உருவாக்கிய 'செகண்ட் ஸ்டெப்'. பிறர் வலியை உணர்தல், கோபத்தைக் கட்டுப்படுத்துதல், கை ஓங்காமல் சிக்கலைத் தீர்த்தல் ஆகியவற்றை வகுப்பறைப் பாடங்களாகக் கற்பிக்கும் திட்டம் அது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2010இல், அதே கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவான கல்வி அறிவியல் நிறுவனம், செகண்ட் ஸ்டெப் உள்ளிட்ட ஏழு நன்னடத்தைத் திட்டங்களை 84 பள்ளிகளில் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்த ஆய்வின் முடிவை வெளியிட்டது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை மாணவர்களைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வில், ஏழு திட்டங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, திட்டம் நடந்த பள்ளிகளுக்கும் ஒப்பீட்டுப் பள்ளிகளுக்கும் இடையே மாணவர் நடத்தையிலோ பள்ளிச் சூழலிலோ சொல்லத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இரண்டு அறிவிப்புகளும் நேர்மையானவையே. முதல் அறிவிப்பு ஆதாரம் இல்லாமல் வந்ததன்று. வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டியில் 12 பள்ளிகளில் நடந்து 1997இல் வெளியான ஆய்வில், எந்தப் பள்ளியில் பாடம் நடந்தது என்று அறியாத பார்வையாளர்கள் விளையாட்டுத் திடலிலும் உணவுக்கூடத்திலும் பிள்ளைகளைக் கவனித்துக் குறித்தபோது, பாடம் படித்தவர்களிடையே அடிதடி குறைந்திருந்தது. ஆனால் அதே பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் அளித்த மதிப்பீடுகளில் மாற்றம் தென்படவில்லை. ஒரே ஆய்வுக்குள் இருந்த இந்த இரு முகங்களில் ஒன்றுதான் முத்திரையாகப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கீகாரம் என்பது எப்போதும் இப்படித்தான் சுருங்குகிறது. எந்த வயதில், எந்த இடத்தில், யார் கண்ணால், எவ்வளவு காலம் கழித்து என்ற விவரங்கள் உதிர்ந்து, ஒரு பெயரும் ஒரு தரமும் மட்டும் மிஞ்சுகின்றன.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்கு அந்நியமானது அன்று. 2023 ஆகஸ்ட் மாதம் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவர், உடன் படித்த மாணவர்களாலேயே, வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டார்; தடுக்க வந்த தங்கையும் வெட்டுக்காயம் பட்டார். அதைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்வது, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்குவது முதலான பரிந்துரைகளோடு, 500 மாணவர்களுக்கு மேல் பயிலும் பள்ளிகளுக்குப் 'பள்ளி நல அலுவலர்' என்ற பணியிடத்தையும் அது பரிந்துரைத்தது. இனி ஒரு மாவட்டக் கல்வி அலுவலரோ, ஒரு பள்ளி மேலாண்மைக் குழுவோ, ஒரு தலைமையாசிரியரோ, 'நம் பள்ளியில் என்ன செய்வது?' என்று உட்கார்ந்து பேசும்போது, பல வகையான சான்றிதழ்களோடு பல திட்டங்கள் மேசைக்கு வரும். அவற்றுள் எந்த வகை அங்கீகாரத்தை முதலில் நம்ப வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஓர் அங்கீகாரம் இருக்கிறது. அதை யாரும் அங்கீகாரம் என்று அழைப்பதில்லை. 'எல்லாப் பள்ளிகளிலும் நடக்கிறது, எல்லோருக்கும் பிடித்திருக்கிறது' என்பதே அது. 1983இல் லாஸ் ஏஞ்சலிஸ் காவல் துறை தொடங்கிய 'டேர்' திட்டத்தில், சீருடை அணிந்த காவலர் வகுப்பறைக்கே வந்து போதைப் பொருளையும் வன்முறையையும் தவிர்க்கும்படி பாடம் நடத்துவார். பெற்றோருக்குப் பிடித்தது, காவல் துறைக்குப் பிடித்தது, அமெரிக்கா முழுவதும் பரவியது. ஆனால் 1990களில் அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் பயன் மிகச் சிறியது அல்லது இல்லை என்றன. 2001இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட இளையோர் வன்முறை அறிக்கை, டேர் திட்டத்தின் அன்றைய வடிவத்தைப் பயனற்றவற்றின் வரிசையில் வைத்தது. பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள் என்பதும் நடத்தை மாறியது என்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆகவே இந்த வகையை ஒதுக்கிவிட்டு, முறையான மதிப்பீட்டு வழிகளுக்கு வருகிறேன்.

முதல் வழி வல்லுநர் குழு. அமெரிக்காவில் அதன் பின்புலம் பணம்தான். கூட்டாட்சி அரசு பள்ளிப் பாதுகாப்புக்கென அளித்த நிதியை ஆராய்ச்சி அடிப்படை உள்ள திட்டங்களில் மட்டுமே செலவிட வேண்டும் என்ற விதி 1998இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. எந்தத் திட்டத்தை வாங்குவது என்று பள்ளி நிர்வாகிகள் கேட்டார்கள், பட்டியல் தேவைப்பட்டது. குழு சான்றை மட்டும் பார்க்கவில்லை. திட்டத்தின் நோக்கம் தெளிவாக உள்ளதா, பாடப் பொருள் மாணவர் வயதுக்கும் பண்பாட்டுக்கும் ஏற்றதா, பள்ளியின் கல்விப் பணியோடு பொருந்துகிறதா, பிற இடங்களில் எடுத்துச் செய்ய முடியுமா என்பவற்றையும் எடைபோட்டது. ஒரு தலைமையாசிரியருக்கு இவை உண்மையிலேயே பயனுள்ள கேள்விகள். இந்த முறையின் வலிமை இங்கே இருக்கிறது. பலவீனமும் இங்கேயே. பாடப் புத்தகத்தின் அழகும் சான்றின் உறுதியும் ஒரே தராசில் ஏறும்போது ஒன்றன் குறையை மற்றொன்று மறைத்துவிடும். அதைவிட முக்கியமானது, குழு கலைந்த பிறகும் பட்டியல் உலவிக்கொண்டிருக்கும் என்பது. புதிய ஆய்வு ஒன்று வந்து பழைய முடிவைக் கேள்விக்குள்ளாக்கினாலும், அச்சிட்ட விளம்பரத் தாளில் உள்ள முத்திரை தானாக அழியாது.

இரண்டாம் வழி கண்டிப்பான பதிவேடு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் டெல்பர்ட் எலியட் 1996இல் தொடங்கிய 'புளூபிரிண்ட்ஸ்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தொடக்கத்தில் வன்முறைத் தடுப்புக்கு மட்டும் என்றிருந்த அது, பின்னர் இளையோர் நலன் முழுவதற்கும் விரிந்தது. இதில் 'முன்மாதிரி' என்ற தரம் பெற, குலுக்கல் முறையில் நடந்த தரமான ஆய்வுகள் இரண்டு, அல்லது அத்தகைய ஆய்வு ஒன்றும் அதற்கு அடுத்த தரத்திலான ஒப்பீட்டு ஆய்வு ஒன்றும் இருக்க வேண்டும். திட்டம் முடிந்து குறைந்தது 12 மாதங்கள் கழித்தும் பயன் நிலைத்திருக்க வேண்டும். திட்டத்தை உருவாக்கியவர்களோடு தொடர்பில்லாதவர்கள் தனியே சோதித்து அதே பயனைக் கண்டால் 'முன்மாதிரிக்கு மேல்' என்ற இன்னொரு படி உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட திட்டங்களை ஆராய்ந்த இப்பதிவேட்டில் இடம் பெற்றவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு.

அந்தப் 12 மாத நிபந்தனை சிறிய விஷயம் அன்று. சிகாகோவில் 'பிகமிங் எ மேன்' என்றொரு திட்டம் உண்டு. வறிய குடியிருப்புகளில் வாழும் பதின்வயது ஆண் மாணவர்களைப் பள்ளி நேரத்திலேயே சிறு குழுக்களாகக் கூட்டி, கோபம் வந்த கணத்தில் ஒரு நிமிடம் நின்று, 'இப்போது எனக்குத் தோன்றுவது உண்மைதானா?' என்று தன்னையே கேட்டுக்கொள்ளப் பழக்குவது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய குலுக்கல் முறைச் சோதனைகளில், திட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் 45 முதல் 50 சதவீதம் வரை குறைந்தன. இவ்வளவு பெரிய விளைவு இந்தத் துறையில் அரிது. ஆனால் திட்டம் முடிந்த பின் கைது எண்ணிக்கையில் அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. அதனால் இது தோற்ற திட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். பதினேழு வயதில் ஓராண்டு கத்தியெடுக்காமல் கடந்தது ஒரு வாழ்க்கையைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் ஓராண்டு நடத்திவிட்டு நிறுத்திவிடலாம் என்று நினைக்கும் துறைக்கு இது தெளிவான எச்சரிக்கை. நிதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் இடங்களில், பயன் எவ்வளவு காலம் நிற்கும் என்ற கேள்வியைக் கண்டிப்பான பதிவேடு மட்டுமே முன்கூட்டியே கேட்டு வைக்கிறது.

ஆனால் புளூபிரிண்ட்ஸின் தேர்ந்த திட்டங்களின் பட்டியல் நமக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. தேர்ந்தவற்றை அது காட்டும். தேராதவை ஏன் தேரவில்லை என்பதை அந்தப் பட்டியல் காட்டாது. ஒரு பெயர் அங்கே இல்லை என்றால் அது சோதிக்கப்படவில்லையா, சோதித்துத் தோற்றதா, அல்லது தீங்கே செய்ததா என்று அந்தப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாது. இந்த இடத்தில்தான் மூன்றாம் வழி உதவுகிறது. அமெரிக்க நீதித் துறை 2011இல் தொடங்கி, இன்று அதன் தேசிய நீதி நிறுவனம் நடத்திவரும் 'கிரைம் சொல்யூஷன்ஸ்', ஒவ்வொரு திட்டத்தின் ஆய்வுகளையும் பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் இருவரைக் கொண்டு தனித்தனியே மதிப்பிடச் செய்து, பயன் தருபவை, நம்பிக்கை அளிப்பவை மட்டுமல்லாமல் பயன் தராதவற்றையும் வெளிப்படையாகப் பட்டியலிடுகிறது. தரம் ஓர் ஆய்வின் மேல் நிற்கிறதா, பல ஆய்வுகளின் மேல் நிற்கிறதா என்பதும் குறியீட்டால் காட்டப்படுகிறது. நுழைவு வாயில் அகலமானது. ஒரே ஒரு தரமான ஆய்வோடும் உள்ளே வரலாம். எனவே இதில் உள்ள 'பயன் தரும்' என்ற சொல்லும் புளூபிரிண்ட்ஸின் 'முன்மாதிரி' என்ற சொல்லும் ஒரே எடை உடையவை அல்ல. கல்வித் திட்டங்களுக்கென 2002இல் தொடங்கிய 'வாட் ஒர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ்' என்ற மற்றொரு தளமும் உண்டு. அதன் கவனம் பெரும்பாலும் படிப்பின் மேல் என்பதால் இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

பயனற்றவற்றைச் சொல்லும் பட்டியலை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் உண்டு. 1970களில் நியூ ஜெர்சியின் ராவே சிறையில், தவறு செய்யும் சிறுவர்களை உள்ளே அழைத்துச் சென்று, ஆயுள் கைதிகளைக் கொண்டு அச்சுறுத்தித் திருத்தும் திட்டம் ஒன்று புகழ் பெற்றது. பார்ப்பவர் மனத்தில் நியாயமாகத் தோன்றும் முறை அது. பின்னர் அந்தோணி பெட்ரோசினோவும் அவருடன் பணியாற்றியவர்களும் இத்தகைய திட்டங்களைப் பற்றிய ஒன்பது குலுக்கல் முறை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிறைக்கு அழைத்துச் செல்லப்பட்ட சிறுவர்கள், அழைத்துச் செல்லப்படாதவர்களைவிட அதிகமாகவே பின்னர் குற்றத்தில் ஈடுபட்டிருந்தார்கள். எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் குறைவான தீங்கே நேர்ந்திருக்கும். சண்டையிட்ட மாணவர்களைக் காவல் நிலையத்துக்கு அனுப்பி ஒரு நாள் உட்கார வைத்தால் புத்தி வரும் என்று நினைப்போர் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அவர்கள் முன் இந்த முடிவை வைக்க வேண்டும். தீய பழக்கம் உள்ளவர்களை மட்டும் தனியே ஒரு குழுவாகச் சேர்த்து வழிகாட்டும் திட்டங்களிலும் இதே ஆபத்து உண்டு என்று தாமஸ் டிஷியன் 1999இல் காட்டினார்: அவர்கள் ஒருவரை ஒருவர் சிரித்து ஊக்கப்படுத்தி, தவறையே கற்றுக்கொள்கிறார்கள்.

இம்மூன்று வழிகளுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. சோதனையை நடத்தியவர் யார் என்பதை முத்திரை உரக்கச் சொல்வதில்லை. நார்வேயில் 1982இல் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டதைத் தொடர்ந்து, பள்ளிகளில் நடக்கும் தொடர் சீண்டலுக்கு, அதாவது புல்லியிங் என்று இன்று நாமும் சொல்வதற்கு எதிராக நாடு தழுவிய இயக்கம் 1983இல் தொடங்கியது. பெர்கன் நகரில் டான் ஓல்வேயஸ் தம் குழுவின் துணையோடு 42 பள்ளிகளில், ஏறத்தாழ 2,500 மாணவர்களிடையே நடத்திய ஆய்வு, இரண்டாண்டில் சீண்டல் பாதியாகக் குறைந்ததாகக் காட்டியது. அதே தேசிய இயக்கத்தை ரோகலான்டு பகுதியில் எர்லிங் ரோலண்ட் மூன்றாண்டு கழித்து ஆராய்ந்தபோது அத்தகைய குறைவு இல்லை. பெர்கனில் ஆய்வுக் குழு பள்ளிகளோடு தொடர்ந்து உடனிருந்தது. மற்ற இடத்தில் நூல்களும் காணொளியும் மட்டும் போயின. திட்டம் ஒன்றேதான். ஆனால் பெட்டியில் வந்து இறங்கிய திட்டமும், அக்கறையுள்ள மனிதர்கள் வாரந்தோறும் வந்து நடத்திய திட்டமும் ஒன்றல்ல.

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவள்ளி தலைமையில் உருவான 'கீவா' இவ்வகையில் மேலும் பாடம் சொல்கிறது. சீண்டுபவரையும் சீண்டப்படுபவரையும் விடச் சுற்றி நின்று பார்க்கும் மாணவர்களையே அது முதன்மையாகக் கருதுகிறது. 117 பள்ளிகளில் நடத்தி, இன்னொரு 117 பள்ளிகளோடு ஒப்பிட்டுச் சோதித்த பிறகே 2009இல் நாடெங்கும் கொண்டுசென்றார்கள். சோதனையில் கண்டதைவிட நாடு தழுவிய பரவலில் விளைவு சிறிதானது. மேல் வகுப்புகளில் இன்னும் சிறிதானது. அண்மையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 118 தொடக்கப் பள்ளிகளில், ஏறத்தாழ 11,000 மாணவர்களிடையே தனியே சோதித்தபோது, சீண்டலுக்கு ஆளாகும் வாய்ப்பு 13 சதவீதம் குறைந்தது. 13 என்பதைச் சிறியது என்று தள்ளிவிடக் கூடாது. உலகெங்கும் நடந்த நூறு மதிப்பீடுகளைத் தொகுத்த கேஃப்னி, டோஃபி, ஃபாரிங்டன் ஆகியோரின் கணக்கிலும், இத்தகைய திட்டங்கள் சீண்டுவதை 18 முதல் 19 சதவீதமும் சீண்டப்படுவதை 15 முதல் 16 சதவீதமும் குறைக்கின்றன. நேர்மையாக எதிர்பார்க்கக்கூடிய அளவு இதுதான். பாதியாகக் குறைப்பேன் என்று வாக்குறுதி தரும் திட்டத்திடம் எந்தப் பள்ளியில், யார் அளந்து என்று கேட்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

நான்காம் வழி எந்தப் பட்டியலிலும் தொடங்குவதில்லை. நம் பள்ளிகளைப் போன்ற பள்ளிகளில், நம் வகுப்பறை அளவில், நம் ஆசிரியர் பற்றாக்குறையோடு சோதிக்கப்பட்ட ஓர் ஆய்வைத் தேடிச் செல்வது அது. அப்படி ஒன்று இந்தியாவிலேயே இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாதது வருத்தம் தருகிறது. பீகார் மாநிலத்தின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில், கோவாவைச் சேர்ந்த 'சங்கத்' அமைப்பின் சச்சின் ஷிண்டே, விக்ரம் படேல் முதலானோர் நடத்திய 'சேஹர்' ஆய்வு 2018இல் 'லான்செட்' இதழில் வெளியானது. பள்ளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில், மனநல மருத்துவரோ பட்டம் பெற்ற உளவியலாளரோ அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர் ஒருவர் முழு நேரமும் பள்ளியில் இருந்தார். இரண்டாம் பிரிவில் அதே பணிகளை, அதே பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வழக்கமான வேலைகளோடு செய்தார். மூன்றாம் பிரிவில் அரசின் வழக்கமான வாழ்க்கைத் திறன் வகுப்புகள் மட்டும் நடந்தன. முதல் இரு பிரிவுகளிலும் அவை இருந்தன.

பணிகள் எளியவை. காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு பொருள் பற்றிப் பேச்சு, சுவர் இதழ், போட்டிகள், மனத்தில் உள்ளதை எழுதிப் போட ஒரு பெட்டி, சிறு குழுக் கலந்துரையாடல், தேவைப்படுவோருக்குத் தனி ஆலோசனை. ஒரு கல்வியாண்டின் முடிவில், ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மாணவர்கள் தம் பள்ளிச் சூழலை மதிப்பிட்ட அளவு பெரிதும் உயர்ந்திருந்தது; சீண்டல் குறைந்திருந்தது; வழக்கமான பள்ளிகளோடு ஒப்பிட்டால் வன்முறைக்கு ஆளாவதன் வாய்ப்பு விகிதம் (1 என்றால் வேறுபாடு இல்லை, அதற்குக் கீழே என்றால் குறைவு) 0.62 ஆகவும், வன்முறையில் ஈடுபடுவதன் வாய்ப்பு விகிதம் 0.68 ஆகவும் இறங்கியிருந்தன. ஆசிரியரே நடத்திய பள்ளிகளில் இவற்றில் எந்தப் பயனும் இல்லை. திட்டம் தொடங்கிப் பதினேழு மாதங்கள் கழித்து அளந்தபோதும் ஆலோசகர் பிரிவின் பயன் தொடர்ந்தது.

இந்த முடிவை நான் பல முறை திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஏட்டில் இருந்த திட்டம் ஒன்றேதான்; பயிற்சியும் ஒன்றேதான்; மாறியது ஆள் மட்டும். அரசு ஆசிரியர்கள் அக்கறையற்றவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது பெரும் அநியாயம். மதிப்பெண் போடுபவரிடம், தண்டிக்கும் அதிகாரம் உள்ளவரிடம், நாளை தேர்வுக் கூடத்தில் எதிரே நிற்கப்போகிறவரிடம் ஒரு பிள்ளை தன் அச்சத்தைச் சொல்லத் தயங்குவது இயல்பு; பாடம், பதிவேடு, தேர்தல் பணி, கணக்கெடுப்பு என்று நாள் முழுதும் ஓடுபவருக்கு உட்கார்ந்து கேட்க நேரமில்லாததும் இயல்பு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி ஏற்கெனவே இருக்கிறது. பெட்டியைத் திறப்பவர் யார், திறந்த பிறகு அந்தப் பிள்ளையோடு அவர் எத்தனை மணி நேரம் இருக்க முடியும் என்பதே நாளந்தா நமக்கு எழுப்பும் கேள்வி.

அமெரிக்கப் பட்டியல்கள் பொதுவாகக் கேட்காத இன்னொரு கேள்வியை உகாண்டா கேட்டது. அந்நாட்டின் லுவேரோ மாவட்டத்தில் 42 தொடக்கப் பள்ளிகளில், 'ரெய்சிங் வாய்சஸ்' அமைப்பின் 'நல்ல பள்ளி' திட்டத்தைக் கேரன் டெவ்ரீஸ் குழுவினர் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டனர். அவர்கள் அளந்தது மாணவர் மாணவரை அடிப்பதையன்று. ஆசிரியரும் ஊழியரும் மாணவரை அடிப்பதை. முந்தைய ஒரு வாரத்தில் ஊழியரிடம் அடிபட்டதாகச் சொன்னவர்கள், ஒப்பீட்டுப் பள்ளிகளில் 49 சதவீதமாக இருக்க, திட்டம் நடந்த பள்ளிகளில் 31 சதவீதமாக இருந்தனர். ஆய்வுக்காகப் பேசியபோது பிள்ளைகள் வெளியிட்ட கொடுமைகளால் 434 பேர் குழந்தைப் பாதுகாப்பு அமைப்புகளிடம் அனுப்பப்பட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது: கேட்கத் தொடங்கினால் பதில் வரும், அந்தப் பதிலைத் தாங்கும் ஏற்பாடு முன்பே இருக்க வேண்டும். நம் நாட்டில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்கிறது. பிரம்பு இன்னும் கையில் இருக்கும் ஒரு வகுப்பறையில், கோபத்தை அடக்குவது எப்படி என்று பாடம் நடத்துவதன் பொருளை நம் பிள்ளைகள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

நான்காம் வழிக்கும் எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் முத்திரை குத்துபவனாகிவிடுவேன். நாளந்தாவில் அளந்தது ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடையே நிகழ்ந்த சீண்டலையும் பொதுவான வன்முறையையும்; சாதி வன்முறையைத் தனியே அளக்கவில்லை. நாங்குநேரியில் நிகழ்ந்தது மாணவர் கோபத்தில் மட்டும் பிறந்ததன்று. ஊரில், கோயில் திருவிழாவில், பேருந்தில், வீட்டுத் திண்ணையில் வளர்ந்து பள்ளிக்குள் வந்தது. முழு நேர ஆலோசகர் ஒருவர் அதைத் தனியாக நிறுத்திவிடுவார் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. மேலும் நாளந்தா ஒரே மாவட்டம். அங்கே திட்டத்தை வடிவமைத்தவர்களே சோதனையிலும் முன்நின்றார்கள். ஓல்வேயஸிடம் நாம் கேட்ட கேள்வியை விக்ரம் படேலிடமும் கேட்க வேண்டும்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். நியூயார்க் நகரில் 30 நடுநிலைப் பள்ளிகளில் நடந்த 'ஷிஃப்டிங் பவுண்டரிஸ்' சோதனையில், பாலியல் சீண்டலைத் தடுக்க ஒரு பிரிவில் வகுப்பறைப் பாடமும், ஒரு பிரிவில் கட்டட அளவிலான நடவடிக்கைகளும், ஒரு பிரிவில் இரண்டும் நடந்தன. பாதுகாப்பற்ற இடங்களை மாணவர்களே பள்ளி வரைபடத்தில் குறித்தார்கள். அங்கே ஆசிரியர் நடமாட்டம் கூட்டப்பட்டது. 2013இல் வெளியான முடிவில், கட்டட அளவிலான நடவடிக்கைகள் தனியாகவும் பாடத்தோடு சேர்ந்தும் பயன் தந்தன. பாடம் மட்டும் போதவில்லை. கழிப்பறைப் பின்புறம், சைக்கிள் நிறுத்தும் இடம், மாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் திருப்பம் ஆகியவற்றைப் பிள்ளைகள் கையாலேயே குறிக்கச் செய்வதற்கு ஒரு வரைதாள் போதும்.

ஆகவே என் தேர்வு வரிசை இது. பயன் தராதவற்றையும் தீங்கு செய்தவற்றையும் காட்டும் பட்டியலை முதலில் திறந்து, மேசைக்கு வந்த திட்டங்களில் அச்சுறுத்தல், சிறைக் காட்சி, தவறு செய்தவர்களை மட்டும் ஒன்றுசேர்த்தல் ஆகிய வகையினவற்றை உடனே விலக்கலாம். எஞ்சியவற்றில் நம் போன்ற பள்ளியில் சோதித்த சான்று எதற்கு உள்ளது என்று பார்க்கலாம். அப்படிப் பார்த்தால், விலைக்கு வாங்கும் பாடத்திட்டத்தைவிட முழு நேர ஆள் ஒருவரை அமர்த்துவதற்கே சான்று கூடுதலாக உள்ளது. கண்டிப்பான பதிவேட்டை, எந்தத் திட்டத்தை வாங்குவது என்பதற்காக அல்லாமல், நாம் தேர்ந்த திட்டத்திடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்காகப் பயன்படுத்தலாம்: ஓராண்டு கழித்தும் நிற்கிறதா, வேறொருவர் அளந்தாரா. வல்லுநர் குழுவின் பாராட்டைக் கடைசியில் வைக்கலாம்.

சந்துரு குழு பரிந்துரைத்த நல அலுவலர் பணியிடம் இந்த இடத்தில் மிகப் பொருத்தமானது. ஆனால் ஏற்கெனவே பணியில் உள்ள ஆசிரியர் ஒருவருக்குக் 'கூடுதல் பொறுப்பு' என்று அதை ஒப்படைத்தால், நாளந்தாவில் பயன் தராத பிரிவையே நாம் தெரிந்தே தேர்ந்தவர்களாவோம். 500 மாணவர்களுக்கு மேல் உள்ள எல்லாப் பள்ளிகளிலும் ஒரே ஆண்டில் புதியவர்களை அமர்த்த எந்த அரசாலும் இயலாது. சில பள்ளிகள் முதலாண்டிலும் மற்றவை அடுத்த ஆண்டுகளிலும் பெறும். எந்தப் பள்ளி முதலில் பெறும் என்பதைப் பரிந்துரைக் கடிதங்களால் முடிவு செய்யாமல், மாவட்ட அளவில் எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம். அலுவலர் சேரும் முன்பே, ஜூன் மாதத்தில், இரு வகைப் பள்ளிகளிலும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் பெயர் எழுதாத ஒரு வினாத்தாளைக் கொடுத்து, கடந்த மாதம் யாரேனும் அடித்தார்களா, சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்களா, எந்த இடத்துக்குப் போக அஞ்சுகிறாய் என்று கேட்கலாம். அதே வினாத்தாளை மார்ச்சிலும், அடுத்த மார்ச்சிலும் கொடுக்கலாம். தொகுத்துப் பார்க்கும் பணியைத் துறைக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகத்திடம் விட வேண்டும்; கேள்விகளை வகுக்கும்போது அந்தப் பிள்ளைகளில் சிலரும் உடனிருக்க வேண்டும்.